தருமபுரி, கிருஷ்ணகிரி ஏரிகளில் வலசைப் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் போதும், தெரிந்தவர்கள் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். "பறவை வந்துடுச்சா? எங்க போனா பாக்கலாம்? பசங்கள கூட்டிட்டு வரலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நம்ம மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் இருக்கிறதா?

இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல், ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு என்று இருப்பதுபோல, நீர்ப்பறவைகளுக்கென்று அறிவிக்கப்பட்ட சரணாலயம் தருமபுரியிலும் இல்லை, கிருஷ்ணகிரியிலும் இல்லை. காவிரி வடக்கு (2014), காவிரி தெற்கு (2022) என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் உண்டு. ஆனால் அவை யானைக்காடும் ஆற்றங்கரையும். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று கொடுக்கும் ராம்சார் அங்கீகாரம் பெற்றவை தமிழ்நாட்டில் 2025இல் 20 ஆயின. அந்த இருபதில் நம் இரண்டு மாவட்டத்து ஏரி ஒன்றுகூடக் கிடையாது.

அதனால் என்ன குறை என்று கேட்டால், காவலுக்கு ஆள் இல்லை, பார்வைக் கோபுரம் இல்லை, இது இன்ன பறவை என்று எழுதிவைத்த பலகை இல்லை. லாபம் என்னவென்றால், டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்க வேண்டாம். நமக்குக் கிடைத்திருப்பது தென்பெண்ணையும் அதன் அணைகளும், ஊருக்கு ஊர் ஏரிகளும். வெளிநாட்டிலிருந்து வருகிற பறவைக்கு அதுவே தாராளம்.

எந்த மாதத்தில் வரும், எந்த மாதத்தில் போகும்?

முதலில் வந்து சேர்வது சின்னப் பறவைகள். ஆகஸ்ட் கடைசியிலேயே உள்ளான்கள் (கரையோரச் சேற்றில் நடந்து மேயும் சின்னப் பறவைகள்) தென்படும். ஆவணி, புரட்டாசியில் சாம்பல் வாலாட்டி வந்துவிடும். அதே சமயத்தில் ஏரிக்கரை மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசை கட்டி உட்காரும். வாத்துகளுக்குப் பொறுமை வேண்டும். பெரும்பாலும் தீபாவளிக்குப் பிறகுதான். மார்ச் கடைசியில் எல்லாம் கிளம்பத் தொடங்கி, சித்திரை வெயில் ஏறும்போது ஏரியில் உள்ளூர்ப் பறவைகள் மட்டும் மிஞ்சும்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் தை, மாசியில் போங்கள். பொங்கல் விடுமுறை அதற்காகவே அமைந்ததுபோல வருகிறது. ஏன் கார்த்திகையில் இல்லாமல் தையில் என்பதற்கான பதில் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

ஏரி நிரம்பிக் கோடி போகுது (உபரித் தண்ணீர் வழிந்து வெளியே போகுது). ஆனா ஒரு பறவையையும் காணோமே?

கோடி போவதால்தான் காணோம். தண்ணீர் அதிகமிருந்தால் பறவை அதிகமிருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான் அது. நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவை நீந்தி மூழ்கி மீன் பிடிப்பவை அல்ல. நின்று, நடந்து, சேற்றைக் குத்தித் தின்பவை. கொசு உள்ளானின் காலை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மூன்று விரற்கடை உயரம்தான். அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் அதற்கு அங்கே வேலையில்லை. பச்சைக்காலிக்கும் நெடுங்கால் உள்ளானுக்கும் இன்னும் கொஞ்சம் ஆழம் தாங்கும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி போன்றவையும் முழுக மூழ்குவதில்லை. தட்டைவாயன் தண்ணீர் மட்டத்தை அலகால் அரித்துக்கொண்டே போகும். ஊசிவால் தலையை உள்ளே விட்டு, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டுகிற ஆழத்தில் மட்டும் மேயும். ஏரி நிறைந்து கரையைத் தொட்டு நிற்கும்போது இவற்றுக்குக் கால் வைக்க இடமில்லை. அப்போது அங்கே இருப்பது நீர்க்காகமும் முக்குளிப்பானும் நாமக்கோழியும்தான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி வெள்ளத்துக்குப் பிறகு ஏரி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கரையோரச் சேறெல்லாம் ஆளுயரத் தண்ணீருக்குள் போயிருக்கும். உள்ளான்கள் அறுத்துவிட்ட நெல்வயலுக்கும் சாலையோரக் குட்டைக்கும் போய்விடும்.

தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் கதை மாறும். கிருஷ்ணகிரி அணையின் மொத்த உயரம் 52 அடி. அதன் இரண்டு கால்வாய்களிலும் சுமார் 9,000 ஏக்கர் பாசனம். இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் திறந்த பிறகு மட்டம் மெதுவாகக் குறைய, அணையின் மேல்பக்கம் வால்பகுதியில் ஈரச்சேறு பட்டை பட்டையாக வெளியே வரும். அந்தச் சேறு முழுக்கப் புழுவும் நத்தையும் பூச்சி முட்டையும். நேற்று வெளிவந்த சேறு, இன்று வெளிவந்த சேறு என்று தினம் ஒரு புதுப் பந்தி. ஏரிகளிலும் இதே கதைதான்: ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, தையில் மதகு வழியாக வயலுக்குப் போகப் போக, பறவை கூடும்.

எனவே போவதற்கு முன் செய்தித்தாளில் அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். இன்று எத்தனை அடி என்பதைவிட, போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். இறங்கியிருந்தால் வண்டியை எடுங்கள்.

சரி, எந்த ஏரிக்குப் போகலாம்?

முதல் இடம் கிருஷ்ணகிரி அணை, நாம் கே.ஆர்.பி. டேம் என்று சொல்வது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் வழியில் 10 கி.மீ.க்குள். எல்லோரும் பூங்காவுக்குப் போய் ஊஞ்சல் ஆடிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அணைச் சுவர் அருகே ஆழம் அதிகம், அங்கே பறவை குறைவு. நீர்ப்பிடிப்புப் பகுதியின் ஓரக் கிராமச் சாலைகளில் போய், தண்ணீர் வந்து நுழையும் பக்கம் பார்க்க வேண்டும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, புள்ளிமூக்கு வாத்து, தலைக்கு மேலே ஆற்று ஆலா: இவற்றைத் தேட வேண்டிய இடம் அந்தப் பக்கம்தான்.

போச்சம்பள்ளிப் பக்கம் பாரூர் பெரிய ஏரி. தென்பெண்ணையில் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருவதால், மற்ற ஏரிகள் காய்ந்த பிறகும் இங்கே ஈரம் இருக்கும். என் மனசுக்குப் பிடித்த இடம் இதுதான். அணைபோல இறுக்கமில்லாமல், தென்னந்தோப்பும் நெல்வயலும் ஏரியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும். ஏரியில் ஒன்றுமில்லை என்றால் வயலைப் பார்க்கலாம். வயலில் நத்தை குத்தி நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் மேயும்.

ஓசூர்க்காரர்களுக்குக் கெலவரப்பள்ளி அணை. அங்கே பொங்கும் நுரையைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். தருமபுரி நகரத்துக்குள் இருப்பவர்கள் ராமக்காள் ஏரியை அலட்சியம் செய்ய வேண்டாம். பஸ் இரைச்சலும் ஆகாயத்தாமரையும் இருந்தாலும், அந்த ஆகாயத்தாமரை மேல்தான் இலைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் நடக்கும். வேலைக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாணியாறு அணை வேறு ரகம். ஏற்காட்டு மலையடிவாரம், 65 அடி ஆழம். நீர்ப்பறவைக்காக மட்டும் அங்கே போனால் ஏமாற்றம்தான். ஆனால் ஓரத்து மரக்கூட்டங்களில் தேடுங்கள். நீர்ப்பறவை மட்டுமா வலசை வருகிறது? ஆறுமணிக்குருவியும் பழுப்புக் கீச்சானும் அரசவால் ஈபிடிப்பானும் வலசை வருபவைதான். மாரண்டஅள்ளி அருகே பஞ்சப்பள்ளி சின்னாறு அணையும் இதே மாதிரி, மலையும் தண்ணீரும் சேர்ந்த இடம்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

விடிந்ததும். எட்டரை ஒன்பது மணிக்கு மேல் தண்ணீரிலிருந்து கானல் எழும்பி, தூரத்துப் பறவையெல்லாம் ஆடும் நிழலாகத்தான் தெரியும். மார்கழி, தையில் ஓசூர்ப் பக்கம் பனிமூட்டம் விலகவே ஏழரை ஆகும். அங்கே அவசரப்பட்டுப் பயனில்லை. மாலையில் நான்கரைக்குப் பிறகு இன்னொரு வாய்ப்பு.

நேரத்தைவிட முக்கியம், எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பது. வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. இதை மாற்றிச் செய்தால் வாத்து எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும்.

எல்லாம் ஒரே மாதிரி பழுப்பாக இருக்கிறதே, எப்படி அடையாளம் காண்பது?

நிறத்தை முதலில் பார்க்காதீர்கள். நடையைப் பாருங்கள்.

கரைக்கல் மேல் தனியாக ஒரு சின்னப் பறவை, நின்ற இடத்திலேயே பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கிறதா? அது வெறுமனே உள்ளான் என்றே பெயர் பெற்ற இனம். விரட்டினால் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, இறக்கையை முழுக்க மடக்காமல் விறைப்பாக, துடித்துத் துடித்துப் பறந்து கொஞ்ச தூரத்தில் மறுபடி கல்லில் உட்காரும். பக்கவாட்டில் பார்த்தால் இறக்கைக்கு முன்னால் வயிற்று வெள்ளை ஒரு கொக்கிபோலத் தோளை நோக்கி ஏறியிருக்கும். இதைப் பழகிக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தாலே பாதி வேலை முடியும். உயரமான மஞ்சள் பச்சைக் கால், முதுகில் பொரி தூவியது மாதிரி புள்ளி, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு என்றால் பொரி உள்ளான். ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடுகிற குண்டுப் பறவை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் என்றால் பட்டாணி உப்புக்கொத்தி. தையல் மெஷின் ஊசி மாதிரி தலையைத் தூக்காமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகிற கூட்டம் கொசு உள்ளான்.

வாலாட்டிகளில் கவனம் வேண்டும். கறுப்பு வெள்ளையாக, பெரிதாக, ஏரிக்கரை மோட்டார் ரூமுக்கு மேலே உட்கார்ந்து பாடுகிற வெண்புருவ வாலாட்டி நம் ஊர்க்காரர், வருடம் முழுக்க இங்கேயே இருப்பவர். அடிவயிறு மஞ்சளாக, வால் மிக நீளமாக இருப்பது சாம்பல் வாலாட்டி, இமயமலை, மத்திய ஆசியப் பக்கத்திலிருந்து வருவது. இதற்கு ஏரிச்சேற்றைவிட ஓடுகிற தண்ணீர்தான் பிடிக்கும். கால்வாய்க் கரை, மதகு, ஒகேனக்கல் பாறை இடுக்கு, இங்கே தேடுங்கள்.

வாத்துக்கு ஒரு எச்சரிக்கை. நவம்பர், டிசம்பரில் வந்து இறங்கும் ஆண் வாத்துகள் பலவும் பெண் வாத்து மாதிரி பழுப்பாகவே இருக்கும். இனப்பெருக்கம் முடிந்ததும் பளபளப்பான சிறகை உதிர்த்துவிட்டு மங்கலான சிறகோடு வருகின்றன. ஆண் நீலச்சிறகியின் வெள்ளைப் புருவம் தெளிவாகத் தெரிய தை, மாசி ஆகும். அதுவரை அலகைப் பாருங்கள்: கரண்டி மாதிரி அகன்றிருந்தால் தட்டைவாயன். அலகு நுனியில் மஞ்சளும் அடியில் சிவப்புப் புள்ளியும் இருந்தால் புள்ளிமூக்கு வாத்து, அது வலசை வந்ததல்ல, இங்கேயே இருப்பது.

ஆஸ்திரேலியாவிலிருந்து பறவை வருதுன்னு சொல்றாங்களே?

எல்லா வருடமும் சொல்கிறார்கள். நம் ஏரிக்குக் குளிர்காலத்தில் வருபவை வடக்கிலிருந்து வருகின்றன. சைபீரியா, மங்கோலியா, மத்திய ஆசியா, திபெத், இமயமலை. அங்கே தரை உறைந்து உணவு கிடைக்காமல் போவதால் தெற்கே இறங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் டிசம்பர், ஜனவரி என்பது கோடை. அங்கிருந்து பறவை இங்கே ஓடிவரக் காரணமே இல்லை. நம் நாட்டுக்கு வரும் பாதைக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை என்று பெயர். ஆர்க்டிக் முதல் இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளை அது தொட்டுப்போகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன் இதெல்லாம் பெரிதாக இருப்பதாலேயே "வெளிநாட்டுப் பறவை" என்று பெயர் வாங்கிவிடுகின்றன. இவற்றில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் நம் நாட்டிலேயே கூடு கட்டி, தண்ணீர் இருக்கும் இடம் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் அலைபவை. உண்மையில் ஆர்க்டிக் வரை போய்வரும் பறவை, உங்கள் காலடிச் சேற்றில் 20, 30 கிராம் எடையில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கொசு உள்ளான்தான். அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை!

இங்கே வந்து கூடு கட்டுமா?

வடக்கிலிருந்து வருபவை கட்டாது. இங்கே வருவது சாப்பிட்டு, சிறகு மாற்றி, கொழுப்பு ஏற்றிக்கொண்டு திரும்பிப் போவதற்கு. கூடு கட்டுவதைப் பார்த்தால் அது உள்ளூர்ப் பறவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு தூரம் எப்படி வழி தெரிகிறது?

சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம், மலை ஆறு கடற்கரை போன்ற அடையாளங்கள், எல்லாவற்றையும் கலந்து பயன்படுத்துகின்றன. வரித்தலை வாத்து போன்ற பெரிய வாத்துகளின் குஞ்சுகள் பெற்றோரோடு சேர்ந்து பறந்து பழகும். ஆனால் உள்ளான் இனங்கள் பலவற்றில் பெரியவை முதலில் கிளம்பிவிடும். அந்த வருடம் பொரித்த குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழிகாட்ட ஆளில்லாமல், பிறவியிலேயே வந்த திசையறிவோடு பறக்கும். 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற பறவையின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கி.மீ. பறந்தது. அதன் உடலில் பொருத்தியிருந்த கருவி காட்டிய கணக்கு அது. இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வரும் வரித்தலை வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் நமக்கு நடக்கவே மூச்சு வாங்கும்.

பெரும்பாலானவை இரவில்தான் பயணம் செய்கின்றன. நேற்று வெறுமையாக இருந்த சேற்றில் இன்று காலை ஒரு கூட்டம் நிற்பதற்கு அதுதான் காரணம்.

என்ன பைனாகுலர் வாங்குவது?

8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்கு என்று காட்டுவார். கையில் பிடித்தால் ஆடும், ஒன்றும் தெரியாது. பைனாகுலர் இல்லை என்பதற்காக யாரும் வராமல் இருக்க வேண்டாம். குளக்கரையில் பத்தடி தூரத்தில் நிற்கும் வாலாட்டிக்கு என்ன பைனாகுலர்!

அனுமதி வாங்க வேண்டுமா?

ஊர் ஏரிக்கரைக்கு வேண்டாம். அணைகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பவை. மதகு, ஷட்டர் பக்கம் போகவும் அவற்றைப் படம் எடுக்கவும் தடை இருக்கும், அதை மீறாதீர்கள். தோளில் பெரிய லென்ஸோடு நின்றால் காவலாளி வந்து கேட்கத்தான் செய்வார். பறவை பார்க்க வந்தோம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய மட்டும் வனத்துறை அனுமதி கண்டிப்பாக வேண்டும். அது சட்டம் மட்டுமல்ல, அந்தப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு.

ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்களிடமும் பரிசல்காரர்களிடமும் பேச்சுக் கொடுங்கள். எந்த மூலையில் எப்போது எது இறங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பெயர் வேண்டுமானால் வேறாகச் சொல்வார்கள். நீர்க்காகத்தைத் திட்டுவார்கள். அவர்கள் விட்ட மீன்குஞ்சைத்தானே அது தின்கிறது.

கேமரா கொண்டுவரலாமா? ட்ரோன்?

கேமரா தாராளமாக. ட்ரோன் வேண்டாம். கழுகு வந்ததுபோல மிரண்டு மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். பறப்பதைப் படம் எடுக்கக் கல் எறிபவர்களையும் கை தட்டுபவர்களையும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அந்தப் பறவை திரும்பிப் போகச் சேர்த்துவைத்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. மாசி, பங்குனியில் இது இன்னும் மோசம், அப்போதுதான் அவை பயணத்துக்கு எடை ஏற்றிக்கொண்டிருக்கும். ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் பறவையே நெருங்கி வரும்.

கெலவரப்பள்ளியில் நுரை பொங்குதே, அங்கே பறவை இருக்குமா?

இருக்கும், அதுதான் சங்கடம். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருப் பக்கத்துக் கழிவையும் வாங்கிக்கொண்டுதான் ஓசூருக்குள் வருகிறது. மழைக்காலத்தில் ஷட்டர் திறந்தால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை மலையாகக் கிளம்பி டிவியில் வரும். கழிவு கலந்த தண்ணீரில் புழுவும் பாசியும் சில இடங்களில் அதிகமாகவே வளரும், சில பறவைகள் அதைத் தேடி வரவும் செய்யும். பறவை நிறைய இருக்கிறது என்பதை வைத்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆகாயத்தாமரை மூடினால் நீந்தும் வாத்துக்கு இடம் போய்விடும். அங்கே தண்ணீரில் கால் வைக்காதீர்கள், பிள்ளைகளை நுரையோடு விளையாட விடாதீர்கள்.

எங்க ஊர் ஏரியைத் தூர்வாரப் போறாங்க. பறவைக்கு நல்லதா?

எப்படி வாருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வண்டல் எடுத்தால் தண்ணீர் நிற்கும், விவசாயிக்கு மண் கிடைக்கும், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் இப்போது பொக்லைன் வைத்துக் கரையோரம் சுற்றிலும் செங்குத்தாக வெட்டி, ஏரியைக் கிணறு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். பிறகு சுற்றி நடைபாதை, கம்பி வேலி, விளக்கு. முன்பெல்லாம் ஏரி ஒரு பக்கம் கரை, மறுபக்கம் சரிவாக மேலே ஏறிப் புன்செய்க் காட்டில் முடியும். அந்தச் சரிவில்தான் தண்ணீர் இறங்க இறங்கச் சேறு வெளிவரும், உள்ளான் மேயும். அதை வெட்டி எடுத்துவிட்டால் ஏரியில் தண்ணீர் இருக்கும், நின்று தின்ன இடம் இருக்காது.

உங்கள் ஊர்க் கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, நீர் வரும் பக்கத்துச் சரிவைத் தொடாமல் விட்டு, மதகை ஒட்டிய ஆழப் பகுதியில் மண் எடுக்கட்டும். இரண்டு, நடுவில் மண்திட்டு விட்டு அதில் கருவேல மரம் நட்டால் நாரையும் கொக்கும் அடையும். சீமைக்கருவேலத்தைப் பிடுங்குகிறோம் என்று கிளம்புபவர்கள், அதில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குஞ்சு பறந்த பிறகு பிடுங்கட்டும்.

கொக்கு, சிறகி பிடித்து விற்கிறார்களே, என்ன செய்வது?

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிப்பது, விற்பது, வாங்கிச் சாப்பிடுவது மூன்றுமே. நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம். இடம், நேரம் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வாங்குபவர் இருப்பதால்தான் கண்ணி வைக்கிறார்கள். சாலையோரத்தில் "காடை" என்று நீட்டுவது காடையா, மடையானா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

வேட்டையைவிடச் சத்தமில்லாமல் கொல்வது அறுந்துபோன நைலான் வலை. கரையில் சீமைக்கருவேல வேரில் சிக்கிக் கிடக்கும் வலைத்துண்டில் நீர்க்காகம் கழுத்து மாட்டித் தொங்கும். போகும்போது ஒரு கத்தரிக்கோல் எடுத்துப் போங்கள். தண்ணீருக்கு வெளியே கிடக்கும் துண்டுகளை வெட்டிச் சுருட்டி எடுத்து வரலாம். நல்ல வலையில் கை வைக்காதீர்கள், அது யாரோ ஒருவரின் பிழைப்பு.

காலில் வளையம் போட்ட பறவையைப் பார்த்தேன். செத்துக் கிடந்த பறவையைப் பார்த்தேன். என்ன செய்யணும்?

வளையம் என்றால் முடிந்தவரை படம் எடுத்து, நிறம், எண், எந்தக் கால், நாள், இடம் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கோடியக்கரை போன்ற இடங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல காலமாக வளையமிட்டு வருகிறது. அவர்களுக்கு எழுதினால் எங்கே, எப்போது போட்டது என்று தெரியவரும். வளையத்தைப் பார்த்து உளவுப் பறவை என்று போலீசில் ஒப்படைத்த செய்திகளும் வருகின்றன. பாவம் அந்தப் பறவை.

செத்துக் கிடப்பது ஒன்றாக இருந்தாலும் தொடாதீர்கள். பலவாக இருந்தால் பறவைக் காய்ச்சலாகவோ விஷமாகவோ இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவமனைக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். நாயைக் கிட்ட விடாதீர்கள்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது?

இ-பேர்டு என்ற இலவசச் செயலியில். தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியில் கால் மணி நேரம் நின்று எண்ணினாலும் சேரும். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். வேடந்தாங்கலிலிருந்து ஆயிரம் பட்டியல் வருகிறது, நம் பக்கத்து ஏரிகளிலிருந்து வருவது சொற்பம். ஒரு ஏரிக்குப் பட்டியலே இல்லை என்றால், நாளைக்கு அதை பஸ் ஸ்டாண்டு ஆக்கப்போகிறோம் என்று சொல்லும்போது காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது. பதினைந்து காக்கை, இரண்டு மடையான், ஒரு உள்ளான் என்று எழுதினாலும் அது பட்டியல்தான். நீர்மட்டம் எப்படி இருந்தது என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

சோளக்காட்டில் மேகம் மாதிரி ஒரு கூட்டம் சுழலுதே, அதுவும் வலசைப் பறவையா?

ஆமாம், சூறைக்குருவி. சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். மைனா இனம், உடம்பு ரோஜா நிறம், தலையும் இறக்கையும் கறுப்பு. நீர்ப்பறவை இல்லை, ஆனால் சாயங்காலம் ஏரிக்கரை நாணலில் அடைய வரும். சோளக்கதிரைத் தின்கிறது என்று விவசாயிகள் தகரம் தட்டி விரட்டுவார்கள். நியாயம்தான். கூடு கட்டும் மத்திய ஆசிய நாடுகளில் அதே பறவை வெட்டுக்கிளியைத் தின்று அங்கே நல்ல பெயர் வாங்கியிருக்கிறது.

டேம்ல மீன் வறுவல் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம், பறவை பார்த்துவிட்டு அந்தக் கடைப்பக்கம் போகாமல் திரும்பினவர் யார்? முள்ளையும் தட்டையும் கரையில் போடாமல் கடையிலேயே தொட்டியில் போட்டுவிடுங்கள். மீன் வாசனைக்குச் சேரும் தெருநாய்கள் அப்படியே சேற்றோரம் நடந்து போய் உள்ளான்களைத் துரத்தும், பங்குனி சித்திரையில் வெறுந்தரையில் முட்டையிடும் ஆட்காட்டியின் முட்டைகளையும் தின்றுவிடும்.